அம்புக்குறி போட்ட சுவர்

இரண்டு வருடத்துக்கு முன், தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, கிள்ளானில் என் வீட்டுக் கார் போர்ச்சில் நடந்தது இது. கார் நிறுத்துகிற இடத்தில் அப்படி என்ன மறக்க முடியாத அனுபவம் என்று நீங்கள் கேட்கலாம். காருக்கு ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. அடி வாங்கியது நான்தான்.

எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். என் கார் போர்ச்சுக்கும் பக்கத்து வீட்டுக் கார் போர்ச்சுக்கும் நடுவே தோள் உயரத்துக்கு ஒரே ஒரு செங்கல் சுவர். சுவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. ஆனால் அந்த வருடம் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தோம். எனக்கு முடி, அதற்கு மணல்.

முதலில் சாயம் கொப்புளித்தது. பிறகு பூச்சு கழன்று விழுந்தது. உள்ளே இருந்த செங்கல்லில் வெள்ளையாக உப்பு பூத்து, மேல் தோல் சில்லு சில்லாக உரிய ஆரம்பித்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சாந்து, விரலால் குத்தினால் முதல் கணு வரை உள்ளே விட்டது. தினமும் காலையில் சுவரின் காலடியில் ஒரு கோடு மணல் கிடக்கும்.

அதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த என் மனைவி ஒருநாள் துடைப்பத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நின்றாள்.

"தீபாவளிக்கு ஓப்பன் ஹவுஸ் வெக்கிறோம். வர்றவங்க எல்லாம் மொதல்ல இந்தச் செவுத்ததான் பாப்பாங்க. ஆளக் கூப்பிடுங்க."

"ஆளா? ஏன், நான் என்ன பொம்மையா லா?"

"பொம்மையா இருந்தா தொடச்சி ஓரமா வெச்சிட்டு வேற வேலயப் பாப்பேன்."

என்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு லோரி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எந்த லோரி எங்கே போக வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்வதுதான் வேலை. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மைக்கை என் கையில் கொடுத்துவிடுவார்கள். திரும்ப வாங்குவதற்குத்தான் இரண்டு ஆள் வேண்டும். கைவேலை என்று பார்த்தால் என் வாழ்நாள் சாதனை ஒன்றே ஒன்று. அதே சுவரில் நான் கட்டிய பிள்ளையார் மேடை.

நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் கட்டியது அது. இடுப்பு உயரத்தில் சுவரை ஒட்டிச் சின்னதாக ஒரு மேடை, மேலே வெள்ளை டைல், அதன் மேல் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய சாண் உயரக் கருங்கல் பிள்ளையார். டைல் ஒட்டும்போது மட்டம் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. கடைகளும் மூடியிருந்தன. போனில் மட்டம் பார்க்கிற ஆப் ஒன்றை இறக்கினேன். போனை டைல் மேல் படுக்க வைத்து, திரையில் பூஜ்யம் வரும் வரை டைலைத் தட்டித் தட்டிச் சரி செய்தேன். பூஜ்யம் வந்தது. அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். எட்டு பேர் கட்டை விரல் காட்டினார்கள்.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் பிள்ளையாருக்கு இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவேன். வெள்ளிக்கிழமை என்றால் பாலும் மஞ்சள் தண்ணீரும். ஜுரம் வந்தபோதுகூட நிறுத்தியதில்லை.

சரி, சுவருக்கு வருகிறேன். அதைக் கெடுத்தது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. பக்கத்து வீட்டு ஏர்கான்.

அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கணவர் சைபர்ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பார்த்தால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதற்கு மேல் பழக்கம் இல்லை. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தால் அவர்கள் பக்கம் ஏர்கானின் வெளிப் பெட்டி மாட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் நேராக எங்கள் சுவரின் காலடிக்கு இறங்கும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நேரிலேயே கேட்டிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். ஆனால் மைக் இல்லாமல் ஒரு மனிதரிடம் நேருக்கு நேர் ஒரு குறையைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். வாடகைக்கு இருப்பவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது, வீட்டுக்குச் சொந்தக்காரரிடமே பேசுவோம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். சொந்தக்காரர் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் ஒரு சீன ஆன்டி. அவருடைய நம்பர் என்னிடம் இருந்தது. பதினோரு படங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் அந்தக் குழாயைப் பார்த்தபடி சிவப்பு அம்புக்குறி போட்டேன். வயதானவர் ஆயிற்றே, கண் தெரியாதோ என்று அம்பைக் கொஞ்சம் தடிமனாகவே போட்டேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "டோன்ட் வொரி அங்கிள். ஐ செட்டல்."

அந்த 'அங்கிள்' மட்டும் கொஞ்சம் உறுத்தியது. மற்றபடி திருப்தியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் என் பக்கத்துச் சுவரை நானே பூசினேன். ஹார்ட்வேர் கடையில் சிமெண்ட், மணல், ஒரு கரண்டி வாங்கினேன். எவ்வளவுக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்ல ஆரம்பித்தார். தெரியும் என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். பிடிப்பு நன்றாக இருக்கட்டும் என்று சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. உதிர்கிற சாந்தைச் சுரண்டவில்லை, உப்பைத் துடைக்கவில்லை, கல்லை நனைக்கவில்லை. அப்படியே மேலே இரண்டு விரல் கனத்துக்கு அப்பி, அழகுக்கு முள்கரண்டியால் அலை அலையாகக் கோடு இழுத்தேன்.

மனைவி வந்து பார்த்தாள். "கேக்குக்கு ஐசிங் போட்ட மாதிரி இருக்கு."

"அழகா இருக்குன்னு சொல்றியா?"

"எப்படியும் வெட்டத்தான் போறாங்கன்னு சொல்றேன்."

யாரும் வெட்டவில்லை. ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் 'கரக்' என்று ஒரு சத்தம் வந்தது. திரும்புவதற்குள் ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு என் ஐசிங் மொத்தமாகக் கழன்று வந்தது. பாதி கார் பம்பரில் விழுந்தது. மீதி என் இடது கால் பெருவிரலில். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரரின் தலை சுவருக்கு மேல் வந்தது.

"அண்ணே! அடி பட்டுச்சாண்ணே?"

"இல்ல தம்பி, சும்மா பாட்டுப் பாடிக்கிட்டிருக்கேன்."

அவர் கேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். என்னைப் பிடித்து உட்கார வைத்து, விரலில் தண்ணீர் ஊற்றி, எலும்பு உடையவில்லை என்று பார்த்தார். அதன் பிறகுதான் விழுந்து கிடந்த பூச்சை ஒரு துண்டு எடுத்துத் திருப்பினார். அதன் முதுகில் செங்கல் தோல் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கல்லு தோலையே உரிச்சிட்டு வந்திருக்கு. சிமெண்ட் எவ்ளோ போட்டீங்க?"

"ஒன்னுக்கு ஒன்னு."

அவர் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. "கல்லவிடக் கலவை கெட்டியா இருந்தா கல்லுதாண்ணே ஒடையும். ஒன்னுக்கு அஞ்சு போதும். கலவை கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்."

"கம்ப்யூட்டர்ல இதெல்லாம் கூட வருதா தம்பி?"

"எங்கப்பா கொத்தனாருண்ணே. காலேஜ் லீவுல எல்லாம் அவருக்கு நாந்தான் சித்தாளு." சொல்லிக்கொண்டே என் ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். "இந்த நாலு கல்ல மாத்தணும். மத்ததுக்குச் சாந்த மட்டும் நோண்டிட்டுப் புதுசா அடைச்சாப் போதும். நானே பண்ணித் தர்றேன். மாசக் கடைசில நாங்க காலி பண்றோம், அதுக்குள்ள முடிச்சிரலாம்."

கால் விரல் வலி அந்த நொடியில் எங்கே போனதென்று தெரியவில்லை.

"காலி பண்றீங்களா? ஏன் தம்பி?"

"ஓனரம்மா மெசேஜ் போட்டாங்க. செவுத்துல ஏதோ பெரிய ரிப்பேராம். அத முடிச்சிட்டு அவங்க தங்கச்சி மகன குடி வைக்கப் போறாங்களாம். அவங்க வீடு, நாம என்ன சொல்றது. இவளுக்குத்தான் இந்த டாக்டரம்மா பழகிட்டாங்க. நடந்து போற தூரம். இனிமே எங்க வீடு கெடைக்குதோ…" அவர் அதை முடிக்கவில்லை. சுரண்டிக்கொண்டே இருந்தார்.

வாசலில் டீயோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பதினோரு படங்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். எடுக்கும்போது ஏணியைப் பிடித்தவளே அவள்தான். என்னைப் பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். அந்தப் பார்வையை அதற்கு முன் இரண்டு முறைதான் வாங்கியிருக்கிறேன்.

அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆனா ஈரம் எங்கேருந்து வருதுன்னு தெரியாமப் பூசக் கூடாதுண்ணே. மறுபடி விழும்."

எனக்கு ஒரு கடைசி நம்பிக்கை இருந்தது. "உங்க ஏர்கான் தண்ணியா இருக்குமோ?"

"எங்க ஏர்கானா? அது ஓடி ஏழு மாசம் ஆச்சேண்ணே. ஓனரம்மாகிட்ட ஒருவாட்டி சொன்னோம், அப்படியே விட்டுட்டோம். ஃபேன்தான்."

பதினோரு சிவப்பு அம்புகள். செத்துப்போன ஒரு குழாயைப் பார்த்து.

அவர் குனிந்து பிள்ளையார் மேடைக்குக் கீழே போனார். அங்கே இருந்த சாந்தை நோண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஈரமாக இருந்தது. மஞ்சளாகவும் இருந்தது. முகர்ந்து பார்த்தார். மெதுவாகத் தலையைத் தூக்கிப் பிள்ளையாரைப் பார்த்தார்.

"அக்கா, ஒரு செம்பு தண்ணி குடுங்க."

என் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை டைல் மேல் ஊற்றினார். நியாயமாகப் பார்த்தால் தண்ணீர் எங்கள் பக்கம் வழிந்து தரையில் கொட்ட வேண்டும். தினமும் அப்படித்தான் கொட்டுகிறது என்று நானும் நினைத்திருந்தேன். கொஞ்சம் கொட்டவும் செய்தது. மீதி தண்ணீர் முழுவதும் திரும்பி, அவசரமே இல்லாமல் பின்பக்கம் நடந்து போய், டைலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் இறங்கிக் காணாமல் போனது. மூன்று பேரும் நின்று பார்த்தோம். பிள்ளையாரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத வெச்சுண்ணே மட்டம் பாத்தீங்க?"

"போன்ல."

"அந்தப் போனுதானா இது? எப்படி வெச்சீங்க, காட்டுங்க."

வைத்துக் காட்டினேன். அவர் போனைக் கையில் எடுத்துத் திருப்பினார். முதுகில் கேமரா இருக்கிற இடம் மேடு தட்டிப் புடைத்துக்கொண்டிருந்தது. அந்த மேடு சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்து நான் பூஜ்யம் பார்த்திருக்கிறேன். போன் மட்டமாகத்தான் இருந்தது. மேடைதான் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "கண்டுபிடிச்சாச்சா? அண்ணே, வெள்ளிக்கிழம ஆனா எங்க பக்கம் செவுத்துல மஞ்சளா கசியும்ணே. பின்னாடியே எறும்பு ஊர்வலம் வரும். நான் தீர்த்தம்பேன், இவரு லீக்குன்னுவாரு."

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

பதிலை என் பக்கத்தில் நின்ற அவர் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். "சாமிக்கு ஊத்துற தண்ணி. குடி வந்த புதுசுல அதப் போயி எப்படிண்ணே கம்ப்ளைன்ட் பண்றது?"

அவர் போன பிறகு என் மனைவி முதலில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "பதினொன்னு."

"தெரியாம அனுப்பிட்டேன் லா."

"சரி. இப்பத் தெரிஞ்சிருச்சி. என்னா பண்ணப் போறீங்க?"

போனை எடுத்து ஆன்டிக்கு எழுத ஆரம்பித்தேன். எழுதி எழுதி அழித்தேன். பிள்ளையார், அபிஷேகம், கேமரா மேடு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கே அது ஒரு பைத்தியக்காரன் எழுதியது மாதிரி இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போனேன். கையில் ஒரு டப்பா முறுக்கு. போனில் பன்னிரண்டாவது படம். அதிலும் ஓர் அம்புக்குறி இருந்தது. இந்த முறை என் மேடையைப் பார்த்து.

ஆன்டி வாசலில் செடி வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் மலாயையும் கலந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏர்கான் ஓடவில்லை, தண்ணீர் என்னுடையது, தப்பு என்னுடையது. அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சோ யுவர் காட் ஸ்பாயில் மை வால்?"

"நோ, ஆன்டி. காட் ஓகே. மீ."

அவர் சிரிக்கவில்லை. தங்கை மகனுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அவன் திரைச்சீலைக்குக்கூட அளவு எடுத்துவிட்டான் என்றார். அந்தப் பெண் ஏழு மாதம், டாக்டர் அங்கேயே இருக்கிறார் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த கத்திரிக்கோல் நின்றது. அவருக்கு அது தெரியாதாம். குடியிருப்பவர்களும் அதைச் சொல்லிக் கெஞ்சவில்லை. உள்ளே போய்ப் போனில் யாரிடமோ சீனத்தில் பேசினார். நீளமாகப் பேசினார், இடையில் சத்தமும் போட்டார். ஒரு வார்த்தை புரியாமல் நான் அவருடைய பூந்தொட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். பதினேழு தொட்டிகள்.

வெளியே வந்து சொன்னார். பையன் காத்திருப்பான், அவர்கள் இருக்கட்டும். ஆனால் சுவரை இரண்டு பக்கமும் நான்தான் ஒழுங்காகச் சரி செய்து கொடுக்க வேண்டும். நான் இருந்த சந்தோஷத்தில், அப்படியே அந்த ஏர்கானையும் ரிப்பேர் செய்துவிடுங்களேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கத்திரிக்கோலை மறுபடி கையில் எடுத்தார். நான் காருக்கு வந்துவிட்டேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் என்னை நானே ஓரளவு மன்னித்திருப்பேன். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மனைவியும் ஒரு பாத்திரத்தில் கேசரியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆன்டி அவர்களுக்கு இரண்டே வரியில் மெசேஜ் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அங்கிள் வந்து உங்களுக்காகப் பேசினார், நீங்கள் இருக்கலாம் என்று.

"நீங்க பேசுவீங்கன்னு நாங்க நெனைக்கவே இல்லண்ணே," என்றார் அவர். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. "இவ நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கல."

சொல்லிவிட வேண்டிய நேரம் அதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அட, இதுக்கெல்லாம் எதுக்குத் தம்பி கேசரி," என்று சொல்லி அதை வாங்கிச் சாப்பிட்டேன். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள். சமையலறையில் என் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. இன்றைக்கும் யோசித்துப் பார்த்தால், பதினோரு படம் அனுப்பியது அறியாமை. அந்தக் கேசரிக்கு என்னால் பெயர் வைக்க முடியவில்லை.

சுவர் காய இரண்டு வாரம் விட வேண்டும் என்றார் அவர். மேடையின் டைலைப் பெயர்த்தோம், மழை படாமல் மேலே தார்ப்பாய் கட்டினோம். பிள்ளையார் அதுவரை டிவி அலமாரி மேல் உட்கார்ந்து என்னோடு செய்தி பார்த்தார். நான் சேனல் மாற்றும்போதெல்லாம் அவர் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு வேலை ஆரம்பித்தோம். அவர் கொத்தனார், நான் சித்தாள். உதிர்ந்த சாந்தை இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுக்கச் சொன்னார். தூரிகையால் தூசியைத் தட்டச் சொன்னார். கல்லை நனைக்கச் சொன்னார், ஆனால் தண்ணீர் வழியக் கூடாது என்றார். நான் வழிய விட்டேன். துடைக்கச் சொன்னார்.

"சித்தாளு அண்ணே, கலவை!"

"வருது மேஸ்திரி!"

"இது கலவையா, ரசமா?"

"மேஸ்திரிக்குப் பல் வலின்னு கேள்விப்பட்டேன்."

அந்தப் பக்கம் அவர் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கெட்டுப்போன நாலு கல்லையும் எடுத்துப் புதுக் கல் வைத்தாயிற்று. பிறகு அவர் மெல்லிய கரண்டியால் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இடுக்கில் வைத்து அழுத்தி, ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்கு வந்தார். அவசரமே படவில்லை. அவர் மனைவி சாப்பாடு பார்க்க உள்ளே போனார். என் மனைவி வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

நான் சொன்னேன். மைக் இல்லாமல், ஜோக் இல்லாமல் பேசியதால் எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, ஆன்டி உங்களக் காலி பண்ணச் சொன்னது என்னாலதான். செவுத்த நீங்க கெடுத்தீங்கன்னு நாந்தான் மெசேஜ் போட்டேன். பேசிச் சரி பண்ணேன்னு கேசரி குடுத்தீங்களே, நான் போட்ட முடிச்சத்தான் நான் அவுத்தேன்."

கரண்டி நின்றது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. கரண்டியில் இருந்த சாந்து ஒரு துளி தரையில் விழுந்தது. தெருவில் ஐஸ்கிரீம்காரர் மணி அடித்துக்கொண்டு போனது முழுவதும் கேட்டது.

"எத்தன படம் அனுப்பினீங்க?"

படம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

"பதினொன்னு."

"அம்பெல்லாம் போட்டு?"

"சிவப்புல."

அவர் மூக்கிலிருந்து ஒரு மூச்சு வந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்னும் தெரியாது. "அவகிட்ட இப்ப சொல்லாதீங்க. பிள்ள பொறக்கட்டும்," என்றார். கரண்டியால் கலவையைக் குத்திப் பார்த்துவிட்டு, "கலவை இறுகுது. தண்ணி தெளிங்க," என்றார்.

தெளித்தேன். மீதி வேலை முழுவதும் கலவை, தண்ணி, கரண்டி என்ற மூன்று வார்த்தைகளிலேயே நடந்தது. ரசம், மேஸ்திரி எல்லாம் நின்றுபோனது. அதற்காக அவர் வேலையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. கடைசி வரிசையையும் முதல் வரிசை மாதிரியே அழுத்தி முடித்தார், ஈரச் சாக்கைப் போர்த்தினார், எத்தனை நாள் நனைக்க வேண்டும் என்று சொன்னார், கரண்டியைக் கழுவி என் கையில் கொடுத்தார். டீ குடிக்க நிற்கவில்லை.

தீபாவளி அன்று வந்தார்கள். அவர் மனைவி உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டார். அவர் கார் போர்ச்சிலேயே நின்றார். உள்ளே வாங்க தம்பி என்றேன். வர்றேண்ணே என்றார், வரவில்லை. உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்குது," என்று மட்டும் சொன்னார். ஓப்பன் ஹவுஸுக்கு வந்தவர்களில் ஒருவர்கூடச் சுவரைக் கவனிக்கவில்லை. ஒழுங்காக நிற்கிற சுவரை யார் பார்க்கப் போகிறார்கள்?

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்து ஒரு மாதம் இருக்கும். நான் காலையில் பிள்ளையாருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கம் குழந்தை வீல் வீல் என்று அழுதுகொண்டிருந்தது. அதற்கு மேலே அவர் மனைவியின் குரல் வந்தது.

"அண்ணே, பாப்பா அழுவுறான்னு அம்பு போட்டு ஓனரம்மாவுக்கு அனுப்பிராதீங்க!"

கையில் செம்போடு அப்படியே நின்றுவிட்டேன். அவர் மனைவியிடம் சொல்லிவிட்டிருக்கிறார். பின்னால் அவருடைய சிரிப்பும் கேட்டது. செம்பை மேடை மேல் வைத்தேன். கடைசியில், "குழாயைக் காட்டுங்கம்மா, படம் எடுத்துக்கறேன்," என்றேன். ரொம்பச் சுமாரான ஜோக்தான். ஆனாலும் அவர்கள் சிரித்தார்கள்.

அவர்கள் இப்போதும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆன்டி அந்த ஏர்கானுக்கும் ஆள் அனுப்பினார். புது மேடையைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கட்டிக் கொடுத்தார். சுவரை விட்டு ஒரு விரல் தள்ளி, முன்பக்கம் சாய்வாகக் கட்டியது. தண்ணீர் வழிந்து கீழே ஒரு வாளியில் விழுகிறது. நான் இன்றும் தினமும் இரண்டு செம்பு ஊற்றுகிறேன். ஊற்றியதும் முன்பெல்லாம் கும்பிட்டுவிட்டு உடனே வேலைக்கு ஓடுவேன். இப்போது கும்பிட்ட பிறகு ஒரு நிமிடம் நின்று, நான் ஊற்றிய தண்ணீர் யார் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் காரை எடுக்கிறேன்.